முற்பதிவு மேசையில் ஒரு தொழில் வாழ்க்கை: சுன்னாகத்து வாசகிக்குப் பதில்

கேள்வி: யாழ்ப்பாண நகரத்தில் நாற்பது அறைகள் கொண்ட ஒரு ஹோட்டலின் வரவேற்புப் பிரிவில் இரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வயது 24. உயர்தரத்தில் வணிகப் பிரிவில் படித்தேன். பல்கலைக்கழக அனுமதி கிடைக்கவில்லை. முற்பதிவுப் பிரிவுக்கு ஆறு மாதம் பயிலுநராக மாறிவரும்படி முகாமையாளர் கேட்கிறார். சம்பளம் இப்போதைக்கு அதேதான். "தொலைபேசி எடுக்கிற வேலைக்கு ஏன் போகிறாய், வங்கிப் பரீட்சைக்குப் படி" என்று வீட்டில் சொல்கிறார்கள். இந்தப் பிரிவில் முகாமையாளர் நிலை வரை வளர முடியுமா? என்ன படிக்க வேண்டும்? கொழும்புக்குப் போகாமல் முன்னேற வழியுண்டா? திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.
— சுன்னாகத்திலிருந்து ஒரு வாசகி

அன்புத் தங்கைக்கு,

முற்பதிவு என்பது தொலைபேசி எடுக்கிற வேலை என்று உங்கள் வீட்டார் நினைப்பதில் வியப்பில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது அவ்வளவுதான். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் ஒரு ஹோட்டலின் முற்பதிவு மேசையில் நான் உட்கார்ந்தபோது நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அங்கே விற்கப்படுவது என்னவென்று விளங்க எனக்கு ஓராண்டு பிடித்தது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மாலை வரை விலைப்படாத மரக்கறியையாவது விலையைக் குறைத்து விற்றுவிடலாம். நேற்றிரவு பூட்டிக் கிடந்த அறையை இன்று எந்த விலைக்கும் எவருக்கும் விற்க முடியாது. உங்கள் ஹோட்டலில் நாற்பது அறைகள் என்றால், ஓராண்டுக்கு 14,600 அறை இரவுகள் விற்பனைக்கு இருக்கின்றன. அவற்றில் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட இரவோடு முடிந்துபோகும். எந்த இரவை, யாருக்கு, எந்த விலைக்கு, எவ்வளவு காலம் முன்பாகக் கொடுப்பது, எப்போது "இல்லை" என்று சொல்வது என்பதைத் தீர்மானிப்பதே இந்தத் தொழில். தொலைபேசி அந்தத் தீர்மானம் வெளியே போகிற ஒரு வழி மாத்திரமே.

ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். ஓர் இரவில் 36 அறைகளைச் சராசரியாக 14,500 ரூபாவுக்கு விற்றால் 522,000 ரூபா வருகிறது. 30 அறைகளை 18,000 ரூபாவுக்கு விற்றால் 540,000 ரூபா. முதல் இரவில் ஹோட்டல் நிறைந்ததுபோல் இருக்கும், வரவேற்பில் நிற்கிற உங்களுக்கும் வேலை கூடுதலாக இருக்கும். ஆனால் வருமானம் இரண்டாவது இரவில்தான் அதிகம். மொத்த வருமானத்தை விற்ற அறைகளால் வகுக்காமல், இருக்கிற நாற்பது அறைகளாலும் வகுத்தால் முதல் இரவுக்கு 13,050, இரண்டாவதற்கு 13,500 என்று வரும். இதைத்தான் ரெவ்பார் என்கிறார்கள். அறை நிரம்பினால் உணவகத்துக்கும் வருமானம் வருமே என்று நீங்கள் கேட்பீர்களானால், அது சரியான கேள்வி. அதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கத் தொடங்கும் நாளில் நீங்கள் முற்பதிவு எழுதுபவர் என்ற நிலையிலிருந்து வருமான முகாமைத்துவம் என்ற அடுத்த படிக்குக் கால் வைத்துவிட்டீர்கள் என்று பொருள். வணிகப் பிரிவில் படித்த உங்களுக்கு இந்தக் கணக்குகள் புதியவை அல்ல.

யாழ்ப்பாணத்தில் இந்த வேலையைச் செய்வதற்கு உங்களிடம் இருக்கிற பெரிய முதல் எதுவென்று கேட்டால், இந்த ஊரின் நாட்காட்டி உங்களுக்குத் தெரியும் என்பதையே சொல்வேன். கணினி மென்பொருள்கள் பொதுவாக எதிர்வுகூறலுக்குச் சென்ற ஆண்டின் அதே திகதியை எடுத்து ஒப்பிடும். கொழும்பில் அது பெரும்பாலும் பொருந்தும். இங்கே நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேற்றம் 2023 இல் ஆகஸ்ட் 21, 2024 இல் ஆகஸ்ட் 9, 2025 இல் ஜூலை 29. இருபத்தைந்து நாள் திருவிழா, அமாவாசையைக் கொண்டு கணிக்கப்படுவதால் இப்படி நகர்கிறது. அதனால் "போன வருடம் செப்டெம்பர் முதலாம் திகதி நிறைந்திருந்தது, இந்த வருடமும் நிறையும்" என்று ஒருவர் விலையை ஏற்றி வைத்தால், 2024 இல் தேர் நாளாக இருந்த அந்தத் திகதி 2025 இல் திருவிழா முடிந்து பத்து நாள் ஆன வெறும் திங்கட்கிழமையாக இருந்ததைக் கவனிக்கத் தவறியவராவார்.

அதற்குள் இன்னொரு கணக்கும் இருக்கிறது. எங்கள் அறைகளை ஆவணியில் நிரப்புகிறவர்களில் பெரும்பகுதியினர் கனடா, பிரித்தானியா, சுவிற்சர்லாந்து, பிரான்ஸ், ஜேர்மனி ஆகிய நாடுகளிலிருந்து பிள்ளைகளோடு வருகிற எம்மவர்கள். அந்தப் பிள்ளைகளின் பள்ளி விடுமுறை பஞ்சாங்கத்தைப் பார்த்து வருவதில்லை. 2023 இல் தேர் செப்டெம்பர் 13. கனடாவிலும் பிரித்தானியாவிலும் அதற்கு முன்பே பள்ளிகள் தொடங்கிவிடும் என்பதால் பிள்ளைகளோடு வந்த குடும்பங்கள் தேர் பார்க்காமலே திரும்ப வேண்டியிருந்தது. 2025 இல் தேர் ஆகஸ்ட் 21. அவ்விரு நாடுகளிலும் பெரும்பாலும் விடுமுறைக்குள்ளேயே திருவிழா முழுவதும் அடங்கிவிட்டது. ஆகவே ஒரே நல்லூர்த் திருவிழாவானாலும் ஓராண்டில் நான்கு பேருக்கான குடும்ப அறைகளும் பத்து நாள் தங்கல்களும் கேட்கப்படும். இன்னோர் ஆண்டில் பிற்பகுதிக்குத் தனியாக வரும் முதியவர்களும் இரண்டு மூன்று நாள் தங்கல்களுமே கூடுதலாக இருக்கும். விலையையும், ஆகக் குறைந்தது இத்தனை இரவு தங்கவேண்டும் என்ற நிபந்தனையையும் இதைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். கொழும்பிலுள்ள ஒருவருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவேண்டும். உங்களுக்கு அது வீட்டுப் பேச்சிலேயே வந்துவிட்டது.

திருவிழா தவிர, தெற்கிலிருந்து வருகிற குடும்பங்களுக்கு வேறு நாட்காட்டி உண்டு: ஏப்ரல், ஆகஸ்ட், டிசெம்பர் பாடசாலை விடுமுறைகள், சனி ஞாயிறோடு ஒட்டி வரும் போயா என்ற பௌர்ணமி தினங்கள், நயினாதீவு விகாரைக்குப் போகும் யாத்திரைக் காலம். 2014 ஒக்டோபரில் யாழ்தேவி புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வரத் தொடங்கியதும், 2022 டிசெம்பரில் பலாலிக்கும் சென்னைக்கும் இடையே விமானம் மறுபடி பறந்ததும், 2023 ஒக்டோபரில் நாகபட்டினம் காங்கேசன்துறைக் கப்பல் சேவை தொடங்கியதும் எங்கள் முற்பதிவுகளின் இயல்பையே மாற்றின. கடல் கொந்தளித்தால் கப்பல் நிற்கும். அப்போது அன்றைய அறைகளும் அதோடு கைவிட்டுப் போகும். இவற்றையெல்லாம் ஒரு தடித்த கொப்பியில் நாள்தோறும் எழுதத் தொடங்குங்கள்: இன்று எந்தத் திகதிக்கு யார் கேட்டார்கள், என்ன விலை சொன்னோம், எடுத்தார்களா, எடுக்கவில்லையென்றால் ஏன். மறுத்து அனுப்பிய அழைப்புகளை எழுதுவதுதான் முக்கியம். விற்ற அறைகளைக் கணினி எழுதிவைக்கும், விற்காமல் திருப்பி அனுப்பியவர்களை எந்தக் கணினியும் தானாக எழுதாது.

இங்கே என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதே வலையில் நீங்களும் விழக்கூடும். யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிய முதல் ஆண்டில், ரொறன்ரோவிலிருந்து ஒரு குடும்பம் உறவினர் ஒருவர் மூலமாக வாய்மொழியாக மூன்று அறைகள் கேட்டது. நான் ஹோட்டலுக்கு வெளியே நின்றபடி ஒப்புக்கொண்டு சட்டைப் பையிலிருந்த குறிப்பேட்டில் எழுதினேன். மாலையில் கணினியில் ஏற்றலாம் என்று விட்டது மறந்துபோயிற்று. முற்பதிவு இணையத்தளங்கள் அந்த அறைகளை விற்றுவிட்டன. கட்டுநாயக்க விமான நிலையத்தில் நள்ளிரவு இறங்கி வான் வண்டியில் இரவு முழுவதும் வந்த அந்தக் குடும்பம், எண்பது வயதைக் கடந்த தாயாரோடு விடியற்காலை எங்கள் வாசலில் வந்து நின்றது. காலை பதினொரு மணிக்கு அறைகள் காலியாகும்வரை அந்த அம்மா வரவேற்புக் கூடத்து நாற்காலியில் இருந்தார். ஒரு கோபமான சொல்லும் அவர் சொல்லவில்லை. அதனாலேயே அந்தக் காலை என்னை விட்டு அகலவில்லை. அன்றிலிருந்து இரண்டு விதிகளை விடாமல் பிடித்துக்கொண்டேன். கணினியில் ஏறாத முற்பதிவு முற்பதிவே அல்ல; அதை முதலாளியே எடுத்திருந்தாலும், முதலாளியின் மைத்துனர் எடுத்திருந்தாலும் அப்படித்தான். அடுத்தது, திகதியைக் கேட்கும்போதே "யாழ்ப்பாணம் எத்தனை மணிக்கு வந்து சேருவீர்கள்?" என்று கேட்க வேண்டும். ஐந்தாம் திகதி அதிகாலை வருபவருக்கு நான்காம் திகதி இரவே அறை வேண்டும்; அதற்குரிய கட்டணத்தையும் அப்போதே பேசிவிடாவிட்டால், பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் அறை என்று களைத்து வந்தவரிடம் வாசலில் சொல்ல வேண்டிவரும்.

கேட்கவேண்டிய கேள்விகள் ஊருக்கு ஊர் மாறும். நல்லூர்க் காலத்தில் மரக்கறிச் சாப்பாடு மாத்திரமா என்று கேட்க வேண்டும். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் வாகனங்களுக்கு மூடப்படும் என்பதால், நடக்க முடியாத பெரியவர்கள் யாரும் வருகிறார்களா என்றும் கேட்க வேண்டும். இவை மரியாதைக்காகக் கேட்பவை அல்ல. எந்த அறையை ஒதுக்குவது என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன.

குழு முற்பதிவுகள் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் ஒருவர் முகாமையாளராகத் தகுதியுள்ளவரா என்பது பெரும்பாலும் அங்கேதான் தெரியவரும். ஒரு கலியாண வீட்டார் 15 அறைகளை மூன்று இரவுகளுக்கு 14,000 ரூபா வீதம் கேட்கிறார்கள் என்று வையுங்கள். 45 அறை இரவுகள், 630,000 ரூபா. அதே நாட்களில் தனித்தனியாக வருபவர்களுக்கு 22,000 ரூபாவுக்கு விற்கலாம் என்றால், 29 அறை இரவுகள் விற்றாலே குழுவின் தொகையைத் தாண்டிவிடும். நடுத் திருவிழாவில் 29 விற்கும் என்று உங்கள் கொப்பி சொன்னால் குழுவை வேறு திகதிக்கு மாற்றப் பேசுங்கள். மார்கழி மழைக்கால வார நாட்களானால் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளுங்கள். இரவு விருந்தையும் அவர்கள் உங்கள் மண்டபத்திலேயே வைப்பார்கள் என்றால் கணக்கு மறுபடியும் மாறும். எதுவானாலும், பெயர்ப் பட்டியலும் மிகுதிப் பணமும் எந்தத் திகதிக்குள் வரவேண்டும், வராவிட்டால் அறைகள் திரும்ப விற்பனைக்குப் போகும் என்பதை எழுத்தில் கொடுங்கள். பயண முகவர்களுக்கு ஒதுக்கிவைக்கும் அறைகளுக்கும் இதே நடைமுறைதான். சொந்தக்காரர், தெரிந்தவர் என்று இந்த ஒரு வரியை எழுதாமல் விடுவதாலேயே இங்கே பல ஹோட்டல்கள் நல்ல நாட்களில் வெற்று அறைகளோடு இருக்கின்றன.

இருப்பதைவிடக் கூடுதலாக விற்பதும் இந்தத் தொழிலில் ஒரு முறைதான். வராமல் விடுபவர்கள் சிலர் எப்போதும் இருப்பார்கள் என்று எண்ணி ஓரிரு அறைகளை மேலதிகமாக விற்பார்கள். எல்லோரும் வந்துவிட்டால் ஹோட்டல் தன் செலவில் வேறோர் ஹோட்டலுக்கு அனுப்பும். கொழும்பில் நானும் செய்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் திருவிழாக் காலத்தில் இதைச் செய்யவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அனுப்புவதற்குப் பக்கத்தில் வெற்றறை இராது.

பணம் பற்றி மூன்று செய்திகளை மனதில் வையுங்கள். புக்கிங் டொட் கொம், அகோடா போன்ற தளங்கள் பொதுவாக 15 சதவீதமும் அதற்கு மேலும் கொமிஷன் எடுக்கின்றன. 20,000 ரூபா அறையில் உங்களுக்குக் கிடைப்பது 17,000. நேரடியாக அழைப்பவருக்கு 19,000 என்று சொன்னாலும் இரு தரப்புக்கும் நன்மை, ஆனால் அந்தத் தளத்தோடு செய்த உடன்படிக்கை என்ன சொல்கிறது என்று முதலில் வாசியுங்கள். அந்தத் தளங்களை வெறுக்கவும் வேண்டாம்; எங்களை ஒருபோதும் கேள்விப்பட்டிராத வெளிநாட்டவரைக் கொண்டுவருபவை அவைதான். அடுத்து, விலை சொல்லும்போது வரிகள் சேர்ந்ததா சேராததா என்று சொல்லாமல் விடாதீர்கள். 20,000 ரூபாவோடு 10 சதவீத சேவைக் கட்டணம் சேர்ந்தால் 22,000. அதன்மேல் 2024 முதல் 18 சதவீதமாக உள்ள பெறுமதி சேர் வரி சேர்ந்தால் 25,960. வேறு சிறு வரிகளும் உண்டு. தொலைபேசியில் இருபது கேட்டவர் பற்றுச்சீட்டில் இருபத்தாறைப் பார்த்தால், பிழை அவருடையது அல்ல. கடைசியாக, விருந்தினரின் கடனட்டை இலக்கத்தை வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள், அனுப்பினாலும் வைத்திருக்காதீர்கள். வங்கி தரும் கட்டண இணைப்பை அனுப்புங்கள். வங்கிச் சீட்டின் படம் வந்ததும் உறுதிப்படுத்தாமல், பணம் கணக்கில் வந்து சேர்ந்ததா என்று பார்த்த பின்பே உறுதிப்படுத்துங்கள்.

படிப்பு பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. 1964 இல் ஹோட்டல் பாடசாலையாகத் தொடங்கி இன்று இலங்கைச் சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகமாக இருக்கும் அரச நிறுவனத்தின் வரவேற்புப் பிரிவுச் சான்றிதழ் மதிப்புள்ளது. வேலை அனுபவத்தைக் கொண்டே தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறும் வழியும் இருக்கிறது. நிலை 4 வரை பெற்றுவிட்டால் பின்னர் டிப்ளோமாவுக்குப் பாதை திறக்கும். இவற்றைவிட உடனே தேவைப்படுபவை எக்செலில் அட்டவணை போடத் தெரிவதும், பிழையற்ற ஆங்கிலத்தில் ஐந்து வரி மின்னஞ்சல் எழுதத் தெரிவதும், தொலைபேசியில் தடுமாறாமல் பேசுமளவு சிங்களமும். மூன்றாவதை எங்கள் பிள்ளைகள் அலட்சியம் செய்கிறார்கள்; விடுமுறை நாட்களில் வருகிற அழைப்புகளில் பாதிக்கு மேல் அந்த மொழியில்தான் இருக்கும். ஒபெரா போன்ற ஹோட்டல் மென்பொருளை இரண்டு மாதத்தில் பழகிவிடலாம், அதற்காகப் பயப்படாதீர்கள்.

கொழும்பு பற்றிய கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் இல்லை. பெரிய குழுமங்களின் முற்பதிவுகள் பெரும்பாலும் கொழும்புத் தலைமையகத்திலிருந்துதான் நடக்கின்றன. பல ஹோட்டல்களின் விலைகளை ஒரே மேசையில் வைத்துப் பார்க்கிற பயிற்சி அங்கேதான் கிடைக்கும். வெளிநாட்டு முகவர்களோடு உடன்படிக்கை எழுதக் கற்றதும் நான் அங்கேதான். ஆனாலும் இப்போதே போகவேண்டாம் என்பேன். குறைந்தது ஒரு நல்லூர்த் திருவிழாவையும் ஒரு டிசெம்பரையும் இங்கே முற்பதிவு மேசையிலிருந்து பார்த்துவிட்டுப் போனால், கற்றுக்கொள்பவராக மட்டும் அல்லாமல், வடக்கைத் தெரிந்தவராகவும் போவீர்கள். போகவே விருப்பமில்லை என்றாலும் வழி மூடவில்லை. நல்லூரிலும் கொக்குவிலிலும் எட்டுப் பத்து அறைகளோடு நடக்கிற விருந்தினர் இல்லங்கள் எதற்கும் தனித்தனியாக ஒரு முற்பதிவு முகாமையாளரை வைக்க வசதியில்லை. ஐந்து இல்லங்களின் விலைகளையும் இணையத்தளங்களையும் ஒருவரே பார்ப்பதற்கு இந்த ஊரில் இடமிருக்கிறது. நான்கைந்து ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் அதைத் தன் சொந்தத் தொழிலாகவே செய்யலாம்.

வீட்டாரின் பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. இத்துறை விழுந்ததை அவர்கள் கண்டவர்கள். 2018 இல் 23 இலட்சத்துக்கு மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் நாட்டுக்கு வந்தார்கள். 2021 இல் இரண்டு இலட்சம் பேர்கூட இல்லை. 2024 இல் மறுபடி 20 இலட்சத்தைத் தாண்டியது. துறை விழுந்த ஆண்டுகளில், ஊழியர்களுக்குப் பகிரப்படும் சேவைக் கட்டணம் நின்றபோது சம்பளம் பாதியாகிப் போனவர்களில் நானும் ஒருவன். வங்கியில் அது நடந்திராது. இதை மறைத்து உங்களை இழுக்க நான் விரும்பவில்லை. ஆனால் அவர்களிடம் சொல்லக்கூடிய இன்னொன்றும் உண்டு: வரவேற்புப் பிரிவின் இரவு முறை முற்பதிவுப் பிரிவில் பொதுவாக இல்லை. மாலையில் சுன்னாகம் போய்ச் சேரலாம். இது உங்கள் அம்மாவுக்கு ரெவ்பாரைவிட முக்கியமாக இருக்கும். அதற்கு மாறாக, திருவிழாக் காலத்தில் விடுப்பு கிடைக்காது என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

திங்கட்கிழமை முகாமையாளரிடம் சம்மதம் சொல்லுங்கள். அதே சம்பளத்துக்கு ஆறு மாதம் என்பது இந்தப் பயிற்சிக்குக் கொடுக்கக்கூடிய விலைதான். ஆனால் வெறுங்கையோடு ஒப்புக்கொள்ள வேண்டாம். ஆறு மாத முடிவில் பதவியும் சம்பளமும் எந்தத் திகதியில் மீளப் பார்க்கப்படும் என்பதை ஒரு கடிதமாகக் கேளுங்கள். வாராந்தம் விலை தீர்மானிக்கும் கூட்டத்தில் மூலையிலாவது உட்கார அனுமதி கேளுங்கள். பிறகு 2023, 2024, 2025 ஆகிய மூன்று திருவிழாக்களிலும் ஒவ்வோர் இரவும் எத்தனை அறைகள், என்ன விலைக்கு, எத்தனை நாள் முன்பாக விற்றன என்ற அறிக்கையைக் கணினியிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதில் ஜூலை, ஆகஸ்ட், செப்டெம்பர் திகதிகளை அடித்துவிட்டு, கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை முதலாம் நாள், இரண்டாம் நாள் என்று இருபத்தைந்து வரிகளாக நீங்களே திரும்ப எழுதுங்கள். மூன்று ஆண்டுகளும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும்போது எந்த நாட்களில் ஹோட்டல் அறைகளை மலிவாகக் கொடுத்துவிட்டது என்பது உங்களுக்கே தெரியும்; அந்தத் தாளை எடுத்துக்கொண்டு இரண்டாவது வாரக் கூட்டத்துக்குப் போங்கள்.